பந்தியில் திறந்திருந்த இரண்டு இலைகள்

மருதவாய்க்கால் ஊரில் வாழையிலைகள் தாமாகவே மூடிக்கொள்ளத் தொடங்கியது கார்த்திகை மாதத்தின் முதல் முகூர்த்தத்தில், ஒரு கிரகப்பிரவேசப் பந்தியில். ரைஸ்மில் முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட, வீட்டுக்காரர் அதெல்லாம் முடியாது என்று பாயச வாளியைச் சாய்க்க, பாயசம் வாளிக்கும் இலைக்கும் நடுவே வந்துகொண்டிருக்கும்போதே இலையின் மேல்பாதி மெல்ல எழுந்து, முதலாளி பக்கமாக மடிந்து, யாரோ நீவிவிட்டதுபோலப் படுத்துக்கொண்டது. பாயசம் முதலாளியின் பட்டு வேட்டியில் இறங்கியது. வீட்டுக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நிசமாவே போதும் போலுக்கு" என்றார். அதற்குமேல் அந்தப் பந்தியில் இலையைப் பற்றி யாரும் பேசவில்லை, பட்டில் பாயசக் கறை போகுமா போகாதா என்பதுதான் பேச்சாக இருந்தது.

அடுத்தடுத்து வளைகாப்பு, காதுகுத்து, ஐயப்ப சாமிகளின் அன்னதானம் என்று எங்கே இலை போட்டாலும் இதே கதை நடக்க, வயிறு நிறைந்தவரின் இலை நிறைந்த நேரத்தில் மூடும், நிறையாதவரின் இலை எத்தனை மடித்து அழுத்தினாலும் மறுபடி விரிந்துகொள்ளும் என்பது ஊருக்குப் புரிந்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்றார்கள் சிலர், இத்தனை காலமாக மனுஷன் சொன்ன பொய்யைக் கேட்டுக் கேட்டு இலைக்கே அலுத்துப்போயிருக்கும் என்றார்கள் சிலர். கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சி செய்ய வந்தார். அவருக்குப் போட்ட இலை இரண்டாவது வடையோடு மூடிக்கொள்ள, மூன்றாவது வடையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியவர்தான், பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை.

ஊருக்கு இருந்த கவலை வேறு. விருந்தாளி இலையைத் தன் பக்கமாக மடித்தால் உறவு நீடிக்கும், திறந்தபடி விட்டு எழுந்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். இது அந்த ஊரில் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்த்து வந்த பழக்கம். தானாக மூடுகிற இலை கணக்கில் சேருமா சேராதா என்று கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். சேரும், தன் பக்கமாகத்தானே மூடுகிறது என்று முடிவாயிற்று. அப்படியென்றால் மூடாத இலையை விட்டு எழுவதும் கணக்கில் சேரும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பந்தியில் ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் எழக்கூடாது என்ற பழைய மரியாதையும் இருந்ததால், ஒரே ஒரு இலை திறந்திருந்தாலும் மொத்த வரிசையும் கை காய உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதனால் ஊரில் பல பேர் குட்டு வெளிப்பட்டது. ஒரு கரண்டி போதும் என்று எந்த விருந்திலும் கூச்சத்தோடு சொல்லும் டீச்சரின் இலை நாலாவது தடவை சாம்பார் ஊற்றிய பிறகுதான் மூடியது. மூக்குப் பிடிக்கத் தின்கிறவர் என்று பேரெடுத்த வாத்தியக்காரரின் இலையோ ரசத்தோடு மூடிவிட, இத்தனை வருஷம் மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்பதற்காகவே தின்றுகொண்டிருந்தேன் என்று அவர் கண்கலங்கினார். வற்புறுத்திப் பரிமாறுவதில் பேர்போன மாமிகளும் சித்தப்பாக்களும் வேலையில்லாமல் வாளியோடு சுற்றிவந்தார்கள். கல்யாணச் சமையல் தவசிப்பிள்ளைக்கு மட்டும் பரம சந்தோஷம். எந்தக் கறி எடுபட்டது எது எடுபடவில்லை என்று ஒருத்தர் வாயையும் கிண்டாமல் தெரிந்துகொண்டார். சிலர் எவர்சில்வர் தட்டுக்கு மாறிப் பார்த்தார்கள். தட்டில் போட்டால் அது விருந்து மாதிரியே இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்க, திரும்பவும் இலைக்கே வந்தார்கள்.

குத்தாலிங்கத்தின் மனைவி ஆவுடைச்செல்விக்கு மட்டும் இந்த இலைகளைக் கண்டாலே ஆகவில்லை. அவள் தெப்பக்குள மகளிர் நடைக்கழகத்தின் தலைவி. ஒரு அதிரசத்துக்குக் குளத்தை இத்தனை சுற்று, ஒரு கரண்டி பாயசத்துக்கு இத்தனை சுற்று, அல்வா என்றால் சுற்றோடு படிக்கட்டும் ஏற வேண்டும் என்று அவள் வைத்திருந்த வாய்ப்பாடு ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தீபாவளிக்கு மறுநாள் விடியலில் கழகம் மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டு பேச்சுமூச்சில்லாமல் குளத்தைச் சுற்றிவரும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் யார் வீட்டில் துக்கம் என்று விசாரிப்பார்கள்.

செல்வி விருந்துகளில் சாப்பிடுகிற அழகே தனி. அவியலை இந்தப் பக்கமும் கூட்டை அந்தப் பக்கமும் தள்ளி, சோற்றில் ஒரு குழி வெட்டி, குழியை மூடி, வெண்டைக்காய் ஒன்றை நெடுநேரம் மென்று, வாளி பக்கத்தில் வந்ததும் இடது கையை இலைமேல் குடையாகப் பிடித்து முகவாயைத் தாழ்த்தி "போதும்" என்பாள். எவ்வளவு கட்டுப்பாடு என்று ஊர் வியக்கும். அவளுக்கும் ஒரு ரகசியம் உண்டு. ஒவ்வொரு பொங்கலன்றும் எல்லோரும் உண்ட மயக்கத்தில் படுத்த பிறகு அவள் கொல்லைப்புறம் போய், சர்க்கரைப் பொங்கல் வைத்த வெண்கலப் பானையின் அடியில் வெல்லமும் நெய்யும் அரிசியும் சேர்ந்து பிடித்திருக்கும் காந்தலைச் சுரண்டி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே அவசர அவசரமாக விழுங்குவாள். காதெல்லாம் காலடிச் சத்தத்தின்மேல் இருக்கும், அதனால் அதன் ருசி என்னவென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மறுநாள் குளத்தைச் சுற்றும்போது மற்றவர்களைவிட அவள் அதிகம் சுற்றுவதை, தலைவி அல்லவா என்று மெச்சிக்கொள்வார்கள்.

இலைகள் மூட ஆரம்பித்த பிறகு செல்விக்கு விரதங்கள் பெருகின. சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், சங்கடகர சதுர்த்தி, அதுவும் இல்லாவிட்டால் கனவில் வந்து அம்மன் கேட்டுக்கொண்டது என்று அழைப்பிதழ் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரதம் கையில் வைத்திருந்தாள். வீட்டில் தட்டில் சாப்பிட்டாள். இப்படியே தப்பித்து மார்கழியைத் தாண்டிவிட்டவள்தான், தை பிறக்கும்போது மாட்டிக்கொண்டாள்.

மகள் சொர்ணாவுக்கு அது தலைப்பொங்கல். ஆவணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் வருவதுதான் வழக்கம். இந்தத் தடவை மாப்பிள்ளையின் தாயார் பகவதியம்மாளும் கூட வருவதாகச் சொல்லியனுப்பினாள். வந்தவள் பலகாரம் அடைத்த பெரிய தகர டப்பா ஒன்றைக் கூடத்தில் வைத்து, காப்பித் தம்ளரைத் தொடாமல், நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"மதினி, நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசத் தெரியாதவ. உங்க மக எங்க வீட்டுல ரெண்டு இட்லிக்கு மேல தொட மாட்டேங்கா. என்ன ஆக்கி வச்சாலும் 'போதும் அத்தை'. என் கைப்பக்குவம் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிரலாம்லா? வந்த புதுசுல போட்ட வளையல் முழங்கைக்கு ஏறுது. பகவதி மருமகளப் பட்டினி போடுதான்னு தெருவே பேசுது."

"அவ சின்ன வயசுலேருந்தே அளவாத்தான் சாப்பிடுவா மதினி" என்றாள் செல்வி, குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அளவுன்னா சரி. உங்க ஊரு இலை பொய் சொல்லாதாம்லா? நாளைக்கு அதுல உக்காரட்டும். அவ திங்கித அளவுக்கு இலை மூடிட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன், அவ வயிறு அவ்வளவுதான்னு கூட்டிட்டுப் போறேன். மூடலன்னா, அவ எங்க வீட்டுல பசியோட இருக்கான்னு அர்த்தம். பசியோட ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது. அவ மனசு மாறுத வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

மாப்பிள்ளை அரிகரன், "அம்மா" என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் முடித்துக்கொண்டான். சொர்ணா கதவோரம் நின்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் உருண்டையாக இருக்கும் அவளுடைய முகத்தில் கன்ன எலும்பு தெரிவதைச் செல்வி அப்போதுதான் கவனித்தாள்.

பொங்கலன்று சூரியனுக்குப் படைத்து, பானை பொங்கி, குலவையிட்டு எல்லாம் முறையாக நடந்தது. தான் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதாகச் சொல்லி நழுவலாம் என்று செல்வி போட்டிருந்த திட்டம் மட்டும் நடக்கவில்லை. "வீட்டுக்காரி உக்காராத பந்தில நானும் உக்கார மாட்டேன்" என்று பகவதியம்மாள் ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டாள். இன்றைக்கு விரதம் என்று சொல்லலாமா என்று யோசித்தாள் செல்வி. பொங்கலன்று விரதம் இருக்கச் சொல்கிற சாமி அவள் அறிய யாரும் இல்லை. நடைக்கழகத்துச் செயலாளர் செண்பகவடிவு ஒத்தாசைக்கு வந்திருந்தாள், அவள் வாளியை வாங்கிக்கொள்ள, செல்வி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பால் பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சாம்பார், அவியல், சிறுகிழங்குப் பொரியல், சேனை வறுவல், பூசணிக் கூட்டு, வடை, அப்பளம் என்று இலை கொள்ளாமல் நிறைந்தது. அரிகரன் அக்கம்பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான். இரண்டாவது ரசத்தில் அவன் இலை நிம்மதியாக மூடிக்கொண்டது. குத்தாலிங்கத்தின் இலை பாயசம் வருவதற்குள் எழும்பத் தொடங்க, அவர் "ஏய், பொறு, பொறு, பாயசம் வருது" என்று அதனிடம் கெஞ்சிப் பார்த்தும் பயனில்லாமல் மூடியது. பகவதியம்மாள் எல்லாவற்றையும் ஒருவாய் ருசி பார்க்க, அவள் இலை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மோர்ச் சோற்றோடு மரியாதையாக மூடியது. திறந்திருந்தவை இரண்டு இலைகள்.

செண்பகவடிவு சொர்ணாவிடம் வாளியோடு வந்தாள். சொர்ணா இடது கையை இலைமேல் குடையாகப் பிடித்து, முகவாயைத் தாழ்த்தி, "போதும்க்கா" என்றாள்.

செல்விக்குச் சுரீர் என்றது. அந்தக் கை அவளுடைய கை. அந்த முகவாய் அவளுடைய முகவாய். மகளின் இலையைப் பார்த்தாள்: அவியல் இந்தப் பக்கம், கூட்டு அந்தப் பக்கம், சோற்றில் ஒரு குழி.

சொர்ணா இலையை மடித்து அழுத்தினாள். இலை விரிந்தது. உள்ளங்கையை அதன்மேல் ஊன்றினாள். கையை எடுத்ததும் விரிந்தது. செல்வி, எப்படியாவது தன்னுடையதையாவது மூடிவிட வேண்டும் என்று, சாம்பார் வெண்டைக்காயை மெல்லுவதை விட்டுவிட்டு, பாயசத்தை வாங்கி மளமளவென்று குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் மனசுக்குள் குளத்தைச் சுற்றி ஓடினாள். வடையை விழுங்கினாள், படிக்கட்டும் ஏறினாள். இலை முன்னைவிட அகலமாக விரிந்து கிடந்தது.

"பாத்தியளா மதினி, ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றாள் பகவதியம்மாள்.

நேரம் போயிற்று. சோறு எல்லோர் கையிலும் காய்ந்து பிசுபிசுத்தது. குத்தாலிங்கத்துக்குக் கால் மரத்துப்போய், காலைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். தலைவியின் இலை மூடவில்லையாம் என்ற செய்தி எப்படியோ வெளியே போக, நடைக்கழகத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மோர் கடன் கேட்கிற சாக்கில் வாசலில் எட்டிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று செல்வி கூசிப்போனாள். இருந்தும் எழ முடியாது. எழுந்தால் உறவு அறுந்தது.

"ஏட்டி, உனக்கு வேணும்ங்கறதக் கேட்டு வாங்கிச் சாப்பிடேன்" என்று மகளிடம் முணுமுணுத்தாள்.

"நீ சாப்பிட மாட்ட, நான் மட்டும் எப்படிம்மா சாப்பிடுவேன்?" என்றாள் சொர்ணா. "தீவாளிக்கு மறுநா நீ குளத்தச் சுத்துவ, நான் படித்துறைல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அப்ப எனக்கு ஒண்ணும் புரியாது. நம்ம எல்லாரும் சேந்து முந்துன நாள் என்னமோ பெரிய தப்பு பண்ணிட்டோம்னு மட்டும் தெரியும். இப்பவும் அத்தை தட்டுல ஒண்ணு வச்சா, நீ குளத்தச் சுத்துறதுதான் கண்ணுல வருது."

செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சோற்றுக் கையோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. பிள்ளைக்கு நல்லது சொல்லிக்கொடுத்தோம் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! தன் இலையைக் குனிந்து பார்த்தாள். உனக்கு என்னடி வேணும் என்று அவள் வயிற்றை அவளே கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கேட்டதும் உடனே பதில் வரவில்லை. அவியலா? இல்லை. பாயசமா? குடித்தாயிற்று, அதுவும் இல்லை. கொல்லைப்புறத்திலிருந்து காற்று ஒரு வீச்சு வீசியது. பனையோலைப் புகையும் கருகிய வெல்லமும் கலந்த வாசம்.

"செண்பகம்" என்றாள். "கொல்லைல சர்க்கரைப் பொங்கப் பானை இருக்கு. அத எடுத்துட்டு வா. தோசைத் திருப்பியும் கொண்டா."

"அதுல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் வழிச்சாச்சு. அடியில காந்தல்தான் கெடக்கு."

"காந்தல்தான் எனக்கு வேணும்."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி 'ஆ' என்றாள். பானை வந்தது. சம்மந்தி பார்க்க, மாப்பிள்ளை பார்க்க, நடைக்கழகம் மொத்தமும் பார்க்க, ஆவுடைச்செல்வி பானையை மடியில் சாய்த்து வைத்து, கரகரவென்று சுரண்டி, கருஞ்சிவப்பாக வந்த காந்தலைத் தன் இலையில் போட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் துண்டை வாயில் வைத்தாள். முதலில் கசந்தது, பிறகு இனித்தது, பிறகு நெய்யும் ஏலக்காயும் ஒன்றுசேர்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் இனித்தது. இதுவா ருசி, இத்தனை வருஷம் இதையா முதுகைக் காட்டிக்கொண்டு முழுங்கினோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது துண்டைத் தின்றாள். மூன்றாவதை எடுத்தாள், பார்த்தாள், வேண்டியிருக்கவில்லை. திரும்ப இலையில் வைத்தாள். குளம் ஞாபகத்துக்கே வரவில்லை. இலை எப்போது எழும்பியது, எப்போது அவள் பக்கமாகச் சாய்ந்தது என்று அவள் கவனிக்கவில்லை. செண்பகவடிவுதான் "அக்கா, மூடிட்டு" என்று கத்தினாள்.

செல்வி பானையை மகள் பக்கம் நகர்த்தினாள். சொர்ணா தலையை ஆட்டினாள்.

"எனக்குக் காந்தல் வேண்டாம்மா."

"பின்ன என்ன வேணும்? சொல்லு, எதுன்னாலும் செஞ்சு தாரேன்."

சொர்ணா நிமிரவில்லை. காது மடல் சிவந்துபோயிருந்தது. "அத்தை கொண்டாந்த டப்பா" என்றாள்.

"முந்திரிக்கொத்தா?" என்றாள் பகவதியம்மாள்.

"கல்யாணத்தன்னிக்கு நீங்க ஒண்ணு குடுத்தீங்க அத்தை. இன்னொண்ணு எடுத்துக்கன்னு சொன்னீங்க. நான் போதும்னேன். அன்னைலேருந்து அடுக்களைல அந்த டப்பாவத் தாண்டிப் போகும்போதெல்லாம் பாத்துக்கிட்டேதான் போறேன். எனக்கு அதுன்னா அவ்வளவு ஆசை."

"சண்டாளி" என்றாள் பகவதியம்மாள். "அஞ்சு மாசமா என் கைப்பக்குவம் பிடிக்கலன்னு நான் உறங்காமக் கெடக்கேன், நீ டப்பாவப் பாத்துக்கிட்டா போற? செண்பகம், அத இங்க எடு. நானே வைக்கேன்."

இருந்த இடத்திலிருந்தே எட்டி, மாப்பிள்ளையைக் கடந்து, மருமகள் இலையில் வைத்தாள். சொர்ணா தின்றாள். பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த அந்தப் பலகாரத்தின் மாவு முகவாயெல்லாம் சிந்தத் தின்றாள். தின்றுவிட்டு, இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இன்னொண்ணு அத்தை" என்றாள். அரிகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அந்த இன்னொன்று பாதியில் இருக்கும்போது, சொர்ணாவின் இலை மேல்நுனியிலிருந்து எழுந்து, கூட்டையும் அவியலையும் சோற்றுக் குழியையும் மூடிக்கொண்டு, பதவிசாக அவள் பக்கம் சாய்ந்து படுத்தது. மீதிப் பாதியை அவள் கையிலேயே வைத்திருந்தாள், சாயங்காலக் காப்பிக்கு ஆகும் என்று.

செல்வி மகளின் முதுகில் இடது கையை வைத்து அழுதாள். வாசலில் நின்ற நடைக்கழகத்துப் பெண்கள் சிலரும் அழுதார்கள், அவர்களில் ஒருத்தி நடுவில் அழுகையை நிறுத்தி, எங்க வீட்டுப் பானைய மக கழுவிட்டாளோ என்னமோ என்று சொல்லிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

"அப்ப எந்திரிப்போமா?" என்று குத்தாலிங்கம் கையைத் தரையில் ஊன்றினார். மரத்த காலை நீட்டிப் பாதி எழுந்தும்விட்டார்.

அப்போது சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. மூடிய இலை திறந்ததாக மருதவாய்க்காலில் அதுவரை யாரும் கண்டதில்லை. மரியாதையாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி மூடியிருந்த பகவதியம்மாளின் இலை, முதலில் ஒரு ஓரம் தூக்கி, பிறகு மறு ஓரம் தூக்கி, எல்லோரும் பார்க்க முழுசாக விரிந்து கிடந்தது.

பகவதியம்மாள் இலையைப் பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள்.

"மதினி" என்றாள். "அதுல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

செல்வி தோசைத் திருப்பியைக் கையில் எடுத்தாள். குத்தாலிங்கம் மறுபடியும் உட்கார்ந்தார்.